நாட்காட்டியில் நாமே குறிக்கும் ஒரு நாள்



உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் கலண்டரை ஒருமுறை எழுந்து போய்ப் பாருங்கள். அதில் பேனையால் வட்டமிட்ட நாட்கள் எவை? கணவனின் திவசம். மகன் காணாமற்போன நாள். வங்கிக் கடனின் தவணை. சீட்டுக்காசு கட்டும் நாள். கிளினிக் நாள். பிள்ளையின் பாடசாலைக் கூட்டம். இவற்றில் பெரும்பாலானவை பிறர் எமக்குக் குறித்துத் தந்த நாட்கள். சில, எமக்கு நேர்ந்தவை தாமாகவே குறித்துவிட்ட நாட்கள். நாமே விரும்பி, எமக்காகவே குறித்த நாள் ஒன்றாவது அந்தப் பன்னிரண்டு தாள்களில் இருக்கிறதா?

இந்தக் கேள்வியோடு இம்மாதம் உங்களைத் தூர தேசத்து ஏரிக்கரை ஒன்றுக்கு அழைத்துச் செல்கிறோம். அங்கே வருடத்துக்கு ஒருமுறை சிநேகிதிகள் கூடி, ஒரு விடுதியில் தங்கி, மீன்பிடித்துவிட்டு வருவது பலருக்கும் பழகிய வழக்கம். "மீன்பிடிப்பது எமக்குத் தொழில் அல்லவா? அதில் என்ன உல்லாசம்?" என்று கடற்கரையில் வாழும் சகோதரிகள் சிரிக்கக்கூடும். சிரிப்பு நியாயமானதே. ஆனால் அவர்கள் பிடிக்கும் மீனை விட்டுவிடுவோம். அந்தப் பயணத்தை அவர்கள் திட்டமிடும் விதத்தில் எமக்குப் பயன்படும் சில விடயங்கள் இருக்கின்றன.

ஏரிகளின் மாநிலம்

ஐக்கிய அமெரிக்காவின் வடக்கே, கனடாவின் எல்லையை ஒட்டி மினசோட்டா என்ற மாநிலம் இருக்கிறது. "பத்தாயிரம் ஏரிகளின் நாடு" என்பது அதன் பட்டப்பெயர். உண்மையில் பத்து ஏக்கருக்கு மேற்பட்ட ஏரிகளை மட்டும் எண்ணினாலே 11,842 வருகிறது. குளிர்காலத்தில் இந்த ஏரிகள் உறைந்து பாறை போலாகிவிடும். பனிக்கட்டி உருகி, மீன்கள் முட்டையிட்டு முடியும்வரை முக்கியமான மீன்களைப் பிடிக்கச் சட்டம் இடங்கொடாது. மே மாத நடுப்பகுதியில் ஒரு சனிக்கிழமை அந்தத் தடை நீங்கும். அந்த நாளுக்காக மாநிலமே காத்திருக்கும். மாநில ஆளுநர் தூண்டிலோடு ஏரிக்குப் போவது 1948 முதல் ஒரு சம்பிரதாயம்.

அங்கே பதினாறு வயதுக்கு மேற்பட்டவர்கள் மீன்பிடிக்க அனுமதிப்பத்திரம் பெறவேண்டும். ஆனால் மே மாதத்தில் வரும் அன்னையர் தின வார இறுதியில், அந்த மாநிலத்துத் தாய்மாருக்கு அனுமதிப்பத்திரம் தேவையில்லை. 1988 இல் இதற்கெனச் சட்டமே இயற்றினார்கள். அடுப்படியில் நிற்கும் தாயையும் ஒரு நாளாவது தோணியில் ஏற்ற வேண்டும் என்று ஒரு சட்டசபை நினைத்ததை நாம் பாராட்டலாம்.

இந்த ஏரிக்கரைகளில் சிறு சிறு விடுதிகள் உண்டு. பெரிய ஹோட்டல் போன்றவை அல்ல. ஒரு குடும்பம் நடத்தும் சில மரக்குடில்கள், தோணி கட்டும் ஒரு மரத்துறை, மீன் வெட்டிக் கழுவுவதற்குத் தனியாக ஒரு கொட்டில், அவ்வளவுதான். குடிலுக்குள் கட்டில்களும் ஓர் அடுப்பும் பாத்திரங்களும் இருக்கும். வருபவர்களே சமைத்துச் சாப்பிடுவார்கள்.

அங்கு எல்லோரும் தேடும் மீனின் பெயர் 'வோல்ஐ'. 1965 முதல் அது அந்த மாநிலத்தின் மீன். அதன் கண்ணில் ஒளியைத் திருப்பியனுப்பும் ஒரு படலம் உண்டு. அதனால் மங்கிய வெளிச்சத்திலும் அதற்கு நன்றாகக் கண் தெரியும். அது விடியற்காலையிலும் பொழுதுபடும் நேரத்திலும் இரை தேடும். உச்சி வெயிலில் ஆழத்துக்குப் போய்விடும். எனவே தோணிகள் விடியப் போய் வெயில் ஏறும்போது கரைக்கு வரும், மாலையில் மீண்டும் போகும். நடுப்பகல் முழுவதும் வேலை எதுவும் இல்லை. மரத்தடியில் இருந்து கதைக்கலாம், உறங்கலாம், ஒன்றும் பேசாமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டும் இருக்கலாம். இப்படி ஒரு மீனின் கண் அந்தப் பெண்களுக்கு ஒவ்வொரு நாளும் ஓர் ஓய்வுப் பொழுதைத் தந்துவிடுகிறது.

எப்படித் திட்டமிடுகிறார்கள்?

முதலாவது விடயம், நாள். "ஒருநாளைக்கு எல்லோரும் போவோம்" என்று சொல்லிக் கலைந்தால் அந்த ஒருநாள் வரவே வராது. இது எமக்கும் தெரிந்த அனுபவம். ஆகவே இவ்வாறான குழுக்கள் இந்த வருடப் பயணம் முடிந்து விடுதியை விட்டு வெளியேறும்போதே அடுத்த வருடத்துக்கான அதே கிழமையைப் பதிந்துவிடுவதுண்டு. ஒரு சிறு முற்பணமும் கட்டிவிடுவார்கள். காசு கட்டிய நாளை மறப்பது கடினம். ஒரு திருமணம் வந்தாலும் விருந்தாளி வந்தாலும் "அந்தக் கிழமை எனக்கு வேலை இருக்கிறது" என்று சொல்ல ஒரு பிடி கிடைத்துவிடும்.

இரண்டாவது, காசு. மொத்தச் செலவு என்ன என்பதை முதலிலேயே எழுதிப் பார்க்கிறார்கள். குடில் வாடகை, தோணி, எரிபொருள், சாப்பாடு, இரை, அனுமதிப்பத்திரம். அதைத் தலைக்குப் பங்கிட்டு மாதாமாதம் சேர்க்கிறார்கள். குழுவில் ஒருத்தி வேலை இழந்திருக்கலாம், ஒருத்தி பிள்ளையின் வைத்தியச் செலவில் இருக்கலாம். அவளை எல்லோர் முன்னிலையிலும் கூச வைக்காமல் பொதுப் பணத்திலிருந்து சமாளிக்க ஒரு வழியை முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது. காசில்லாததால் ஒருத்தி வராமல் நின்றுவிட்டால் அடுத்த வருடம் அவளை அழைப்பது இன்னும் கடினமாகும்.

மூன்றாவது, வேலைப் பங்கீடு. எந்தக் குழுவிலும் ஓர் 'அக்கா' இருப்பார். எல்லாவற்றையும் தானே தலையில் போட்டுக்கொள்வார். இரண்டு மூன்று வருடங்களில் அவர் களைத்துவிடுவார். அவரோடு பயணமும் நின்றுவிடும். அதைத் தவிர்க்க ஒருங்கிணைப்பை வருடத்துக்கு ஒருவராக மாற்றிக்கொள்ளலாம். சமையலுக்கு இருவர் இருவராகச் சேர்ந்து ஒரு நேரச் சாப்பாட்டைப் பொறுப்பேற்கலாம். ஒருத்தி வாகனம், ஒருத்தி மருந்துப் பெட்டி, ஒருத்தி கணக்குக் கொப்பி. தன் வீட்டில் மூன்று நேரமும் சமைக்கும் பெண், இங்கே ஒரு நேரம் சமைத்துவிட்டு மற்ற நேரங்களில் பரிமாறிய கோப்பையின் முன்னால் இருக்கிறாள். அந்த ருசியை எம்மில் எத்தனை பேர் அறிவோம்?

நான்காவது, பாதுகாப்பு. மே மாதத்தில் அந்த ஏரித் தண்ணீர் உருகிய பனிக்கட்டியின் குளிரோடு இருக்கும். நீந்தத் தெரிந்தவரும் விழுந்தால் கைகால் விறைத்துப் போவார். அதனால் தோணியில் ஏறும் ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு அங்கி ஒன்று இருந்தேயாக வேண்டும். பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளை அதை அணிந்தே இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். எந்தத் தோணி எந்தப் பக்கம் போகிறது, எத்தனை மணிக்குத் திரும்பும் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவது நல்ல பழக்கம்.

ஐந்தாவது, மீனுக்கும் ஏரிக்கும் செய்ய வேண்டிய கடமை. ஒருவர் எத்தனை மீன் வைத்திருக்கலாம், எந்த அளவுக்கு மேற்பட்டதை வைத்திருக்கலாம் என்று ஏரிக்கு ஏரி விதி உண்டு. வெட்டிய மீனைக் கொண்டு போகும்போது அது என்ன மீன் என்று அதிகாரி அறிவதற்காக ஓர் அங்குலச் சதுரத் தோலைச் சதையிலேயே விட்டுவைக்க வேண்டும். ஓர் ஏரியின் தண்ணீரைத் தோணிக்குள் வைத்து இன்னோர் ஏரிக்குக் கொண்டு போகக் கூடாது. அந்நியச் செடிகளும் சிப்பிகளும் பரவும் என்பதே காரணம். இரையாக மண்புழுவும் சிறு மீனும் மட்டுமல்ல, அட்டையும் பயன்படுத்துகிறார்கள். மழைக்காலத்தில் அட்டைக் கடிபட்ட சகோதரிகள் இதைக் கேட்டு முகம் சுழிப்பது எமக்குத் தெரிகிறது!

பிடித்த மீனைக் கரையிலேயே மாவில் புரட்டி, இரும்புச் சட்டியில் பொரித்து, உருளைக்கிழங்கும் வெங்காயமும் வதக்கி, தகரத்தில் அடைத்த அவரையோடு உண்பதுதான் அந்தப் பயணத்தின் பெரிய விருந்து. மீன் அகப்படாத நாளுக்காக முட்டையும் பாணும் கொண்டு போவதும் திட்டத்தில் ஒரு பகுதியே.

இத்தனையும் செய்தாலும் பிணக்கு வராமல் இராது. ஒருத்தி குறட்டை விடுவாள். ஒருத்தி விடியப்புறம் நான்கு மணிக்கே விளக்கைப் போடுவாள். இன்னொருத்திக்கு மீன்பிடியே பிடிக்காது, புத்தகம் வாசிக்க மட்டுமே வருவாள். வரட்டுமே. இருபது வருடம் சேர்ந்து போகும் ஒரு குழுவில் ஒருத்தி நோயாளியாவாள், ஒருத்தி விதவையாவாள், ஒருத்தி இறந்தும் போவாள். அப்போதும் அந்தக் கிழமை வரும். மீதிப் பேர் போவார்கள். இழந்தவளுக்குத் தன் துக்கத்தைப் புதிதாக விளக்கத் தேவையில்லாத ஓர் இடம் அதுவாக இருக்கும்.

இடத்தைத் தாமே தேடிய பெண்கள்

இந்த வழக்கம் பெண்களுக்குச் சும்மா கிடைத்ததல்ல. அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் 1854 இல் பிறந்த கொர்னீலியா கிறொஸ்பி என்ற பெண் ஒரு வங்கியில் வேலை பார்த்தவர். உடல் நலிவுற்றபோது, வெளிக்காற்றில் இருக்கும்படி வைத்தியர் சொன்னார். அவர் ரேஞ்ச்லி ஏரிப் பக்கம் போய்த் தூண்டில் போடக் கற்றார். பின்னர் அதைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதினார். 1897 இல் வழிகாட்டிகளைப் பதிவு செய்யும் சட்டம் அந்த மாநிலத்தில் வந்தபோது, முதலாவது அனுமதிப்பத்திரம் அவருக்கே வழங்கப்பட்டது. அந்த முதல் வருடத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பதிந்த ஒரு தொழிலில் முதலாவது பெயர் ஒரு பெண்ணுடையது.

ஆண்களின் தூண்டில் சங்கங்களில் பெண்களுக்கு இடமில்லாதிருந்த காலத்தில், 1932 இல் நியூயோர்க் பகுதியைச் சேர்ந்த சில பெண்கள் தமக்கெனத் தனிச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். கற்ஸ்கில் மலைப்பகுதியின் ஓடைகளில் ஒன்றுகூடித் தூண்டில் போட்டார்கள். அவர்கள் வசதி படைத்த பெண்கள்தான். ஆனாலும் "எம்மைச் சேர்ப்பீர்களா?" என்று வாசலில் நின்று கேட்டுக்கொண்டிராமல் தாமே ஒரு வாசலைத் திறந்தார்கள்.

காயத்துக்கும் மருந்தாகிய தூண்டில்

மார்பகப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்த பெண்களுக்குக் கையை உயர்த்துவது சிரமம். தோளும் நெஞ்சும் இறுகிப்போகும். தினமும் கையை மெதுவாக உயர்த்தி நீட்டும் பயிற்சி தேவை. 1996 இல் அமெரிக்காவின் வெர்மொன்ட் மாநிலத்தில் ஒரு பெண் வைத்தியரும் தூண்டிற் கலையில் தேர்ந்த ஒரு பெண்ணும் இதைப்பற்றிச் சேர்ந்து சிந்தித்தார்கள். இறகும் நூலும் கொண்டு பூச்சி போலக் கட்டிய பொய் இரையை நீண்ட தடியால் வீசும் தூண்டில் முறை ஒன்று உண்டு. அந்த வீச்சில் கை அசையும் விதம், வைத்தியர் சொல்லும் பயிற்சியை ஒத்திருந்தது. இதிலிருந்து பிறந்ததுதான் 'காஸ்ரிங் ஃபோர் ரிக்கவரி' என்ற அமைப்பு.

ஒரு தடவைக்குப் பதினான்கு பெண்கள்வரை, இரண்டரை நாட்கள் நீர்க்கரை விடுதி ஒன்றில் தங்குகிறார்கள். அவர்களிடம் பணம் அறவிடுவதில்லை. தூண்டில் பழக்குபவர்களோடு ஓர் உளவளத்துணையாளரும் மருத்துவம் அறிந்தவரும் கூட இருப்பார்கள். நோயைப் பற்றிப் பேச விரும்பினால் பேசலாம். விரும்பாவிட்டால் தடியை வீசலாம். பிடித்த மீனைத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள். கடைசி நாளில் ஒவ்வொரு பெண்ணுக்கும் பக்கத்தில் ஒரு துணையாள் தண்ணீரில் நிற்பார்.

போரில் காயமடைந்தவர்களுக்கும் இதே வழி பயன்பட்டது. 2005 இல் வோஷிங்டனிலிருந்த ஓர் இராணுவ வைத்தியசாலையில், புற்றுநோய்ச் சிகிச்சைக்காக வந்திருந்த ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி ஒருவர், ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் கை கால் இழந்து வந்த இளைஞர்களைக் கண்டார். அவர்களைப் புற்தரைக்கு அழைத்து வந்து தூண்டில் வீசப் பழக்கினார். 'புரொஜெக்ட் ஹீலிங் வோட்டர்ஸ்' என்ற அமைப்பு அப்படித் தொடங்கியது. ஒரு கையால் பொய் இரை கட்டவும் அங்கு வழி கண்டார்கள். எந்தப் போரானாலும் துண்டித்த கால் ஒன்றுதான், தூங்காத இரவும் ஒன்றுதான். போரிலே அவயவம் இழந்த எமது சகோதரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நாம் செய்வதென்றால்...

"அவர்களிடம் காரும் விடுமுறையும் காசும் இருக்கின்றன. எம்மிடம் என்ன இருக்கிறது?" என்ற கேள்வி எழும். உண்மைதான். ஆனால் எம்மிடம் மாதர் சங்கம் இருக்கிறது. சீட்டுப் பிடித்துப் பழகிய கையும் கணக்குக் கொப்பியும் இருக்கின்றன. பன்னிரண்டு பேர் மாதம் 200 ரூபா வீதம் சேர்த்தால் ஒரு வருடத்தில் 28,800 ரூபா. இரவு தங்காமல் ஒரு பகல் போய்வரத் திட்டமிட்டால், வாகனத்துக்கும் சாப்பாட்டுக்கும் எவ்வளவு தூரம் போகலாம் என்று அந்தத் தொகையை வைத்தே பார்க்கலாம்.

இடத்தை எல்லோரும் சேர்ந்து தெரிவு செய்யுங்கள். இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு, கந்தளாய், உன்னிச்சை என்று எமது பக்கத்திலும் பெரிய குளங்கள் உண்டு. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. 2004 டிசம்பரில் கடல் பிள்ளையைப் பறித்த தாய்க்கும், 2009 மே மாதத்தில் நந்திக்கடல் ஓரத்தைக் கடந்து வந்தவளுக்கும் தண்ணீர் வேறு விதமாகத் தெரியும். அங்கே மே மாதம் தூண்டில் திறக்கும் மாதம். எமக்கு மே நினைவேந்தும் மாதம். ஆகவே மாதத்தையும் இடத்தையும் குறிப்பதற்கு முன் ஒவ்வொருத்தியிடமும் தனியே கேளுங்கள். ஒருத்திக்குத் தண்ணீர் வேண்டாமென்றால் ஒரு மாந்தோப்போ கோயில் வீதியோ போதும்.

குளக்கரைதான் என்று முடிவானால், ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தைத் தவிர்த்து, மழை ஓய்ந்து குளம் நிறைந்திருக்கும் மாசி, பங்குனியைப் பாருங்கள். அந்தக் குளத்து மீனவர் சங்கத்திடம் முன்கூட்டியே கேளுங்கள். அவர்களின் வலைக்கும் தொழிலுக்கும் இடைஞ்சல் வராமல் எங்கே இருந்து தூண்டில் போடலாம் என்று அவர்கள் சொல்வார்கள். முதலை இருக்கும் இடத்தையும் அவர்களே அறிவார்கள். வான் பாயும் இடத்துக்கும் துருசுக்கும் அருகில் பிள்ளைகளை விடாதீர்கள். கண்ணிவெடி அபாயப் பலகை நாட்டிய பக்கம் விறகு பொறுக்கவும் போகாதீர்கள். சந்தேகமிருந்தால் கிராம அலுவலரிடம் விசாரியுங்கள். பொய்க்கால் அணிந்த சகோதரிக்கு வாகனத்திலிருந்து நிழல்வரை சமமான பாதை உண்டா, மலசலகூடம் உண்டா என்று இருவர் முதலில் போய்ப் பார்த்து வரட்டும்.

தூண்டிலுக்குப் பெரிய செலவில்லை. ஒரு மூங்கில் தடி, கொஞ்சம் தங்கூசி, ஒரு மிதவை, மண்புழு போதும். திலாப்பியா ஒன்றிரண்டு அகப்பட்டால் குழம்பு. அகப்படாவிட்டால் கொண்டுபோன புளிச்சோறு.

இன்னொரு பேச்சும் எழும். "புருஷனை இழந்தவளுக்கு உல்லாசப் பயணம் ஒரு கேடா?" என்று சில வாய்கள் கேட்கும். இதற்குப் பயந்தே எத்தனை பேர் சிரிப்பதையும் நிறுத்திவிட்டோம்! மாமியாருக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இயன்றால் ஒரு மாமியையும் கூட்டிக்கொண்டு போங்கள். அடுத்த வருடம் அவரே நாளை நினைவூட்டுவார்.

அங்கே போய் எல்லோரும் அழுது தீர்க்க வேண்டும் என்று ஒரு நிகழ்ச்சி நிரலும் வேண்டாம். பேச்சுப் போட்டியோ சொற்பொழிவோ வேண்டாம். மிதவையைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவளிடம் சொல்ல ஏதாவது வந்தால் சொல்லட்டும். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத சிலவற்றை, இருவரும் ஒரே திசையில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சொல்லிவிடலாம். ஒன்றும் வராவிட்டாலும் குறையில்லை. மனம் தாங்க முடியாமல் வருந்தும் சகோதரி எவராயினும் இருந்தால், வீடு திரும்பியபின் அவருடன் வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு ஒருவர் துணையாகப் போய் வாருங்கள். ஒரு நாள் பயணம் அந்த உதவிக்கு ஈடாகாது.

அடுத்த மாதர் சங்கக் கூட்டத்தில், கடன் கணக்கு வாசித்து முடிந்தபின், இதையும் ஒரு விடயமாக எடுத்துப் பேசிப் பாருங்கள். இடம் பிறகு தெரிவாகட்டும், காசும் மெல்லச் சேரட்டும். முதலில் நாளைக் குறியுங்கள். வீட்டுக்கு வந்ததும் பேனையை எடுத்துக் கலண்டரில் அந்த நாளுக்கு ஒரு வட்டம் போடுங்கள். பிள்ளைகள் "அம்மா, அன்றைக்கு என்ன?" என்று கேட்பார்கள். "அன்றைக்கு நான் சிநேகிதிகளோடு குளத்துக்குப் போகிறேன்" என்று சொல்லுங்கள்.